சேறு கொப்பளித்தால் சுனாமி வருமா?

கேள்வி: அந்தமானின் பாராடாங் தீவில் உள்ள எரிமலை 2025 அக்டோபரில் வெடித்திருக்கிறது. இதற்கு முன் அது வெடித்தபோதுதான் 2004 சுனாமி வந்தது. இருபது ஆண்டுகளுக்கு ஒருமுறை இயற்கை தரும் இந்த எச்சரிக்கையை ஏன் யாரும் பொருட்படுத்துவதில்லை? அடுத்த மாதம் அந்தமான் செல்லவிருக்கும் என் மகனைத் தடுத்துவிடலாமா?
(ஒரு வாசகர், தூத்துக்குடி)

பதில்: தேதிகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். சுமத்ரா கடலடியில் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டதும், சுனாமி நம் கரையைத் தாக்கியதும் 2004 டிசம்பர் 26 காலையில். பாராடாங்கில் சேறு பொங்கியது 28ஆம் தேதி. இரண்டு நாள் பிந்தி வந்ததை எச்சரிக்கை என்று எப்படிக் கொள்வது? அதற்கு முந்தைய குறிப்பிடத்தக்க வெடிப்பு 2003 பிப்ரவரி 18 அன்று நிகழ்ந்தது. அதன்பின் இருபத்திரண்டு மாதங்கள் வங்கக் கடலில் சுனாமி எதுவும் வரவில்லை. மேலும் 2003, 2004, 2025 என்ற மூன்று ஆண்டுகளுக்கிடையே உள்ள இரண்டு இடைவெளிகளில் ஒன்று இரண்டாண்டுகூட இல்லை, மற்றொன்று இருபதைத் தாண்டுகிறது. 'இருபது ஆண்டுகளுக்குப் பிறகு' என்று செய்தித்தாள்கள் எழுதியதைத் தாங்கள் 'இருபது ஆண்டுகளுக்கு ஒருமுறை' என்று படித்துவிட்டீர்கள்.

பாதிக் குழப்பத்துக்கு 'சேற்று எரிமலை' என்ற பெயரே காரணம். அங்கே எரிவது எதுவுமில்லை. (உள்ளூரில் 'ஜல்கி' என்கிறார்கள், அது எவ்வளவோ மேல்.) இந்தியக் கண்டத்தட்டு கிழக்கு நோக்கிப் பர்மா தட்டின் அடியில் செருகிச் செல்லும்போது, அதன் முதுகில் காலங்காலமாகப் படிந்த களிமண் வண்டல் சுரண்டப்பட்டு மடிப்பு மடிப்பாகக் குவிகிறது, அந்தக் குவியலின் தலைதான் கடலுக்கு மேலே அந்தமான் தீவுகளாகத் தெரிகிறது. வெளியேற வழியின்றி உள்ளே சிக்கிய நீரும், மக்கிய உயிர்ப்பொருள்களிலிருந்து உண்டான மீத்தேன் வாயுவும், மேலே அழுத்தும் பாரம் தாங்காமல் களிமண்ணைக் குழம்பாக்கி, பிளவுகளின் வழியே மேலேற்றுகின்றன. வந்து சேரும் சேறு கையால் தொடக்கூடிய அளவுக்குக் குளிர்ந்தே இருக்கும். பாறைக் குழம்பைக் கக்கும் உண்மையான எரிமலை கிழக்கே கடலுக்குள் இருக்கும் பாரன் தீவில் உள்ளது; ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் உறங்கி, 1991இல் விழித்துக்கொண்டது அது. 'பா' என்று தொடங்கும் இந்த இரு பெயர்களையும் குழப்பிக்கொள்பவர் தாங்கள் ஒருவர் மட்டுமல்லர்.

நிலநடுக்கத்துக்கும் சேற்றுப் பொங்கலுக்கும் தொடர்பே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. பெரிய அதிர்வு, ஏற்கெனவே பொங்கும் நிலையில் உள்ள சேற்றைக் கிளப்பிவிடக்கூடும். 2013 செப்டம்பர் 24 அன்று பலுசிஸ்தானில் 7.7 அளவில் நிலம் அதிர்ந்தபோது, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி, குவாதர் கரைக்கு எதிரே கடலிலிருந்து ஒரு சேற்றுத் தீவே எழுந்தது. சில ஆண்டுகளில் அலைகள் அதைக் கரைத்துவிட்டன. ஆனால் அங்கும் முதலில் வந்தது நிலநடுக்கம், பின்னர்தான் சேறு. உள்ளழுத்தம் தானாகவே எல்லை மீறினால், அதிர்வு எதுவுமின்றியும் சேறு பொங்கும்.

மகனைத் தடுக்க வேண்டாம். 2025 அக்டோபர் 2 அன்று பேரோசையுடன் சேறு பீறிட்டபோது நிர்வாகம் அங்கே செல்லும் வழியை மூடியதைப் போல, மறுபடியும் மூடினால் வேலியைத் தாண்ட முயலக்கூடாது என்று மட்டும் சொல்லியனுப்புங்கள். மீத்தேன் தீப்பற்றும், காய்ந்ததாகத் தோன்றும் சேற்றின் மேலோடு ஆளைத் தாங்காது. ஜாரவா பழங்குடியினரின் காப்பகத்தின் வழியே குறித்த நேரத்தில் மட்டும் அணியாகச் செல்ல விடப்படும் வண்டியில் அவர் விடியுமுன்பே புறப்பட வேண்டியிருக்கும். அவ்வளவு தூரம் போய் அவர் பெரும்பாலும் காணப்போவது, சாம்பல் நிறச் சேற்றுக் குழியில் அவ்வப்போது எழுந்து உடையும் ஒரு குமிழியைத்தான்.