வாசகர் கேள்வி – பதில்: படத்தைவிடப் படக்குறிப்பைச் சந்தேகியுங்கள்

கேள்வி: குழியின் விளிம்பில் அமர்ந்திருப்பவரின் தலைக்கு நாஜிப் படையினன் துப்பாக்கி நீட்டும் படம், 'வின்னிட்சியாவின் கடைசி யூதர்' என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. உண்மையா? இப்படிப்பட்ட படங்களை நாமே சரிபார்க்க முடியுமா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: படம் உண்மை, ஊர்தான் தவறு. 1961இல், யூத இனப்படுகொலையை முன்நின்று நடத்திய நாஜி அதிகாரி ஐக்மன் மீதான வழக்கு நடந்தபோது பத்திரிகைகளில் பரவிய படம் இது. உக்ரைன் நகரமான வின்னிட்சியா என்ற குறிப்பை எல்லோரும் அப்படியே நகலெடுத்தார்கள். பின்னாளில், ஜெர்மன் ராணுவ அதிகாரி ஒருவரின் போர்க்கால நாட்குறிப்புகளோடு இதே படத்தின் இன்னொரு பிரதி வாஷிங்டனிலுள்ள ஹோலோகாஸ்ட் (யூத இனப்படுகொலை) நினைவு அருங்காட்சியகத்துக்கு வந்தது. அதன் பின்பக்கத்தில் ஜூலை இறுதி, பெர்டிச்சிவ் கோட்டை என்று எழுதியிருந்தது; பெர்டிச்சிவும் உக்ரைன் நகரம்தான். வரலாற்றாளர் யூர்கன் மத்தேயுஸ் நாட்குறிப்போடு ஒப்பிட்டு, நாள் 1941 ஜூலை 28 என்று நிறுவினார்.

நீங்களும் அதே வழியில் போகலாம். முதலில், ஓரம் வெட்டப்படாத பிரதியைத் தேடுங்கள். வாஷிங்டன் அருங்காட்சியகம், ஜெருசலேமிலுள்ள இனப்படுகொலை நினைவகமான யாட் வஷெம் இரண்டின் படத்தொகுப்புகளையும் இணையத்திலேயே தேடலாம். பட எண், கொடுத்தவர், பின்பக்க எழுத்து மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். குறிப்புகள் முரண்பட்டால், படம் எடுத்த காலத்துக்கு நெருக்கமாக எழுதப்பட்டதற்கே எடை அதிகம். உடையை வைத்துப் பருவத்தைக் கணிக்காதீர்கள். 1944 கோடையின் தொடக்கத்தில் ஆஷ்விட்ஸ் நாஜி வதைமுகாமில் வந்திறங்கிய ஹங்கேரி யூதர்கள் பலர் கனத்த கோட்டு அணிந்திருக்கிறார்கள். எடுத்துவர முடிந்ததையெல்லாம் உடுத்திக்கொண்டு வந்தவர்கள் அவர்கள். மரங்களின் இலையைப் பாருங்கள். கணினியால் வண்ணம் பூசிய பிரதியை ஆதாரமாகக் கொள்ளவே வேண்டாம். சீருடைச் சின்னங்கள் அதில் உருமாறிவிடலாம்.

இந்தக் கவனம் ஏன் தேவை? ஜெர்மன் ராணுவத்தின் குற்றங்களைக் காட்டி 1995இல் ஹாம்பர்க்கில் தொடங்கிய கண்காட்சி 1999இல் நிறுத்தப்பட்டது. பின்வாங்கும் முன் சோவியத் ரகசியப் போலீஸ் சிறைகளில் கொன்றவர்களின் உடல்கள், ஜெர்மானியர் கொன்றவையாகச் சில படங்களில் குறிக்கப்பட்டிருந்தன. ஆய்வுக்குழு சோதித்தபோது 1,433 படங்களில் 20க்கும் குறைவானவையே பொருந்தாதவை. ஆனாலும் அந்தச் சிலவே இந்தக் குற்றங்களை மறுப்பவர்களுக்குப் போதுமானதாக இருந்தன.

கேள்வி: ஆஷ்விட்ஸ் கைதிகளே ரகசியமாக எடுத்த படங்கள் எத்தனை? ஏன் அவை இவ்வளவு மங்கல்?
– வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: நான்கு. 1944 ஆகஸ்டில், பிணங்களை எரிக்கும் வேலைக்குக் கட்டாயப்படுத்தப்பட்ட யூதக் கைதிகள் ஆஷ்விட்ஸின் ஒரு பகுதியான பிர்கெனாவின் ஐந்தாம் தகனக்கூடத்தருகே எடுத்தவை. ஃபிலிமைப் பற்பசைக் குழாயில் ஒளித்து, போலந்து நகரான கிராக்கோவுக்கு அனுப்பினார்கள். இரண்டு படங்களைச் சூழும் கறுப்பு, எடுத்தவர் மறைந்து நின்ற கட்டடத்தின் இருள். 'தெளிவாக' இருக்கட்டும் என்று அதை வெட்டியே பல இடங்களில் அச்சிட்டார்கள். வெட்டினால், பிடிபட்டால் சாவு என்ற நிலையில் எடுத்த படம் யாரோ நிதானமாக நின்று எடுத்ததுபோல ஆகிவிடுகிறது. நான்காவதில் மரக்கிளைகளும் வானமும் மட்டுமே. குறிபார்க்க வழியின்றி எடுத்தது. அதையும் சேர்த்தே வெளியிட வேண்டும்.