டிஜிட்டல் படச் செயலாக்கத்தில் உங்களை மிகவும் கவர்ந்த கண்டுபிடிப்பு எது?

பேயர் ஃபில்டர், அதாவது கேமராவில் ஒளியை அளக்கும் சென்சாரின் மேல் பதிக்கும் நிற வடிகட்டிகளின் அடுக்கு. கோடாக் நிறுவனத்தில் வேலை பார்த்த பிரைஸ் பேயருக்கு 1976-ல் இதற்கான காப்புரிமை கிடைத்தது. முகமறிதல், தானியங்கி கார் என்று பலரும் சொல்வார்கள், நியாயம்தான். ஆனால் அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு வண்ணப் படம் வந்து சேருவதே இந்த ஃபில்டர் வழியாகத்தான்.

கேமரா சென்சாருக்கு நிறம் தெரியாது. சிலிக்கானில் ஒளி விழுந்தால் எலக்ட்ரான்கள் சேரும். எவ்வளவு சேர்ந்தது என்று அளக்கலாம். அவை சிவப்பு ஒளியால் வந்தவையா, பச்சையால் வந்தவையா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. பட்டகம் வைத்து ஒளியை மூன்றாகப் பிரித்து மூன்று சென்சார்களுக்கு அனுப்பலாம். அப்படியும் கேமராக்கள் உண்டு. விலையும் பருமனும் ஏறிவிடும்.

பேயர் ஒரே சென்சாரோடு முடித்துக்கொண்டார். ஒவ்வொரு பிக்சலின் மேலும் ஒரே ஒரு நிற ஃபில்டர். நான்கு பிக்சல்கள் கொண்ட சதுரத்தில் இரண்டு பச்சை, ஒரு சிவப்பு, ஒரு நீலம். பச்சைக்கு மட்டும் இரட்டைப் பங்கு ஏன்? நம் கண் நுணுக்கங்களைப் பிடிப்பது நிறத்தை வைத்து அல்ல, வெளிச்ச வேறுபாட்டை வைத்து. அந்த வெளிச்ச உணர்வில் பெரும்பங்கு பச்சைக்குத்தான். பார்க்கப்போகிறவரின் கண்ணை மனதில் வைத்துச் செய்த வடிவமைப்பு என்பதால்தான் எனக்கு இதன்மேல் இவ்வளவு மதிப்பு.

இதன் விளைவைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 12 மெகாபிக்சல் சென்சார் அளப்பது 1.2 கோடி எண்கள். வெளியே வரும் வண்ணப் படத்தில் இருப்பதோ 3.6 கோடி. மீதி 2.4 கோடி, அதாவது மூன்றில் இரண்டு பங்கு, அக்கம்பக்கத்துப் பிக்சல்களைப் பார்த்துக் கணித்தவை. இதற்கு டீமொசைக்கிங் என்று பெயர். ஆராய்ச்சியின் சுவையே இங்கேதான் இருக்கிறது.

வெள்ளைச் சுவரின் ஓரம் விழும் இடத்தில், சிவப்பு ஃபில்டர் உள்ள ஒரு பிக்சலில் பச்சையின் அளவு வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். சுற்றியுள்ள பச்சைகள்: மேலே 198, கீழே 202, இடதில் 40, வலதில் 200. நான்கையும் கூட்டிச் சராசரி எடுத்தால் 160. பச்சை குறைந்துபோய், சுவரின் ஓரத்தில் இல்லாத ஊதாக் கோடு முளைக்கும். நல்ல அல்காரிதம் முதலில் வேறுபாட்டைப் பார்க்கும்: மேலும் கீழும் 4, இடமும் வலமும் 160. அப்படியானால் இங்கே செங்குத்தாக ஒரு விளிம்பு ஓடுகிறது என்று புரிந்துகொண்டு, மேல் கீழ் இரண்டை மட்டும் எடுத்து 200 என்று வைக்கும். நெருக்கமான கோடுகள் போட்ட துணியில் இந்தக் கணிப்பும் தடுமாறும். சட்டையில் வானவில் நெளிவது அதனால்தான்.

இந்தக் கணிப்பு படத்துக்குள் ஓர் ஒழுங்கான தடயத்தை விட்டுச்செல்கிறது என்பது இன்னொரு அழகு. படத்தின் ஒரு பகுதியை வெட்டி ஒட்டினால் அந்த ஒழுங்கு குலையும். அதை வைத்தே போலிப் படங்களைக் கண்டுபிடிக்கலாம் என்று ஆராய்ச்சியாளர்கள் போப்பெஸ்குவும் ஹானி ஃபரீதும் 2005-ல் காட்டினார்கள். ஜேபெக் (JPEG) கோப்பாக அழுத்திச் சுருக்கிய படங்களில் இந்தத் தடயம் வெகுவாக மங்கிவிடும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

உங்கள் கேமரா ரா ஃபைல் (சென்சார் அளந்த எண்களை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) தருமானால், டார்க்டேபிள் போன்ற இலவச மென்பொருளில் டீமொசைக்கிங் முறையை ‘passthrough (monochrome)’ என்று மாற்றிவிட்டு, பெரிதாக்கிப் பாருங்கள். நிறமே இல்லாத சாம்பல் கட்டங்கள்தான் தெரியும். சென்சார் உண்மையில் அளந்தது அவ்வளவுதான்.