கிடங்கு நிரம்பி வழிகிறதே என்ற தவிப்பு

வணக்கம் மேடம்,

எனக்கு வயது 27. இரண்டு வருடமாக வீட்டிலிருந்தே குரூப் 2 தேர்வுக்குப் படிக்கிறேன். ஒருமுறை முதன்மைத் தேர்வு வரை போய்க் கைநழுவியது.

நாலு மாதம் முன்னால் லேப்டாப்பில் 'கிட்டன்ஸ் கேம்' ஆட ஆரம்பித்தேன். படமே கிடையாது, எழுத்தும் எண்ணும்தான். பட்டனை அழுத்தினால் பூனைகளின் தீனியான கேட்னிப் இலை சேரும். நூறு இலைக்கு ஒரு கட்டை. ஐந்து கட்டைக்கு முதல் குடிசை, அதில் இரண்டு பூனைக்குட்டிகள். அப்புறம் அவையே மரம் வெட்டும், சுரங்கம் தோண்டும். 175 கட்டையில் ஒரு உத்தரம் செய்யலாம். நான் தொடாவிட்டாலும் எல்லாம் சேர்ந்துகொண்டே இருக்கும். ஆனால் கிடங்கு நிரம்பினால் அதற்குமேல் வருவதெல்லாம் வீண். ஆட்டத்தில் குளிர்காலம் வந்தால் இலை விளையும் வயலின் விளைச்சல் கால்பங்காகிவிடும். இலை தீர்ந்தால் குட்டிகள் செத்துவிடும்.

அதனால் ராத்திரி மூன்று மணிக்கும் எழுந்து பார்க்கிறேன். போன வாரம் கதவிடுக்கில் வெளிச்சத்தைப் பார்த்த அப்பா, படிக்கிறேன் என்று நினைத்து டீ போட்டு வந்து வைத்தார். "கண்ணைக் கெடுத்துக்காதப்பா" என்றார். அன்றிலிருந்து அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நான் அடிமையாகிவிட்டேனா?

- பெயர் வேண்டாம், திருநெல்வேலி

அன்புள்ள தம்பி,

அந்த டீயைப் பற்றி எழுதியிருக்கிறீர்களே, உங்கள் கடிதத்தின் உயிரே அங்கேதான் இருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

உலக சுகாதார நிறுவனம் 2019-ல் ஏற்றுக்கொண்ட நோய்ப் பட்டியலில் விளையாட்டுக் கோளாறும் உண்டு. பொதுவாக 12 மாதமாவது நீடித்து, படிப்பு, உறவு எல்லாவற்றையும் பாதித்திருந்தால்தான் அந்தப் பெயர் வைப்பார்கள். நாலு மாதத்துக்கு அதை நீங்களே சூட்டிக்கொள்ள வேண்டாம். ஆனால் தூக்கம் போனது சின்ன விஷயமில்லை.

நீங்கள் எழுந்து போவது ஆசையால் அல்ல, 'வீணாகிறதே' என்ற பதற்றத்தால். அந்த ஆட்டத்தில் ஒவ்வொரு குடிசைக்கும் முந்தையதைப்போல் இரண்டரை மடங்கு கட்டை வேண்டும். காக்க வேண்டியது கூடக்கூட காத்திருப்பும் நீளும், விட்டுவர மனம் வராது. உங்கள் படிப்பு இதற்கு நேர்மாறு. இரண்டு வருடம் படித்ததில் எவ்வளவு சேர்ந்தது என்று எந்த எண்ணும் சொல்வதில்லை. கண்ணுக்குத் தெரியும் சேமிப்பைத் தேடித்தான் மனம் அங்கே போகிறது. அதில் குற்றமில்லை.

ஒரு வாரம் இதைச் செய்யுங்கள். இரவு ஒன்பது மணிக்கு ஆட்டத்தை ஓடவிட்டு, லேப்டாப்பைக் கூடத்தில் வைத்துவிடுங்கள். கிடங்கு நிரம்பி வழியட்டும், குட்டிகள் குறைந்தாலும் குறையட்டும். படுக்கும்போது தவிப்பு பத்துக்கு எத்தனை, காலையில் எத்தனை என்று எழுதிவையுங்கள். முதல் இரண்டு இரவு கஷ்டமாகத்தான் இருக்கும். அந்தத் தவிப்பு தானாக இறங்குவதை நீங்களே பார்க்க வேண்டும், நான் சொல்லிப் புரியாது. கூடவே, அன்றன்று படித்த பக்கங்களைத் தினசரி காலண்டர் தாளில் குறித்து, கிழித்த தாள்களை ஒரு கம்பியில் குத்திவையுங்கள்.

அப்பாவிடம் சொல்லிவிடுங்கள், தம்பி. லேப்டாப் கூடத்துக்கு வந்ததும் எப்படியும் கேட்பார். "ராத்திரி படிக்கவில்லைப்பா, தூக்கம் வரவில்லை, ஏதோ ஆடிக்கொண்டிருந்தேன்" என்றால் போதும். மூன்று மணிக்கு எழுந்து டீ போடுகிறவர் கேட்டுக்கொள்வார்.

இரண்டு வாரத்திலும் தூக்கம் திரும்பாவிட்டால் 14416-க்குக் கூப்பிடுங்கள். அரசின் டெலி மானஸ் என்ற மனநல ஆலோசனைத் தொலைபேசிச் சேவை அது, கட்டணம் இல்லை, எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.