பொது நூலகங்கள் உள்ளூர்ப் பொருளாதாரத்தை வளர்க்கின்றனவா, அல்லது அவை வெறும் செலவுதானா?

வளர்க்கின்றன. ஆனால் அந்த வளர்ச்சியை நூலக வாசலில் உள்ள தேநீர்க் கடையிலும் ஜெராக்ஸ் கடையிலும் தேடினால் கொஞ்சமே தென்படும். அங்கு வந்து படித்தவர்களின் வீடுகளில் தேட வேண்டும்.

நான் வளர்ந்தது வியாசர்பாடியில், ஐந்து பேர் வாழ்ந்த ஓர் அறை வீட்டில். இரவெல்லாம் ஆட்டோ ஓட்டிவிட்டு வரும் அப்பா பகலில் உறங்குவார் என்பதால், வாய்விட்டுப் படிக்க முடியாது. அரசுப் பணித் தேர்வுக்குத் தயாரான இரண்டு ஆண்டுகளும் எனக்குக் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில், சொந்தப் புத்தகங்களைக் கொண்டுவந்து படிப்போருக்கான பகுதியில்தான் கழிந்தன. 2010இல் திறக்கப்பட்ட அந்நூலகம் எனக்குத் தந்தவை மேசை, நாற்காலி, வெளிச்சம், அமைதி ஆகியவையே. அவற்றைத்தான் தனியார் படிப்பகங்கள் மாதக் கட்டணத்துக்குத் தருகின்றன. இளநிலை உதவியாளராகச் சேர்ந்தபின் என் சம்பளத்தில் மளிகைக்கடைப் பாக்கி தீர்ந்தது, தங்கையின் கல்லூரிக் கட்டணம் கட்டப்பட்டது. அந்தப் பணத்தின் பெரும்பகுதி இன்றும் எங்கள் தெருவிலேயே செலவாகிறது.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. அரசுப் பணியிடங்களின் எண்ணிக்கை வரையறைக்குட்பட்டது. நான் தேர்வானதால் வேறொருவர் தேர்வாகவில்லை, புதிதாக ஒரு வேலையும் பிறக்கவில்லை. ஆகவே, போட்டித் தேர்வு நூல்களோடு நூலகங்கள் நின்றுவிடக் கூடாது என்று உறுதியாக நம்புகிறேன். குளிர்சாதனப் பெட்டி பழுதுபார்ப்பதற்கும், தையல் தொழிலுக்குக் கணக்கு எழுதுவதற்கும், ஜிஎஸ்டி பதிவு செய்வதற்கும் எளிய தமிழில் நூல்களும், இணைய வசதியுள்ள கணினியும், வழிகாட்டத் தெரிந்த ஒரு நூலகரும் கிளை நூலகத்திலேயே கிடைக்க வேண்டும். கொளத்தூரில் 2024இல் திறக்கப்பட்ட முதல்வர் படைப்பகத்தில் மாணவர்களின் கற்றல் மையத்தோடு, தொழில் செய்வோர் குறைந்த கட்டணத்தில் அமர்ந்து பணியாற்றும் இடத்தையும் சேர்த்திருப்பது இந்தத் திசையில் வைக்கப்பட்ட நல்ல அடி.

செலவைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதனின் நெடுநாள் முயற்சியால் 1948இல் இயற்றப்பட்ட சென்னைப் பொது நூலகச் சட்டம், சொத்து வரியோடு நூலக வரியையும் வசூலிக்க வழிசெய்தது. இன்று அது சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு. வீட்டு உரிமையாளர் அதை வாடகையில் சேர்த்துக்கொள்வதால், சொந்த வீடில்லாத எங்களைப் போன்றோரும் ஒருவகையில் அதைக் கட்டியே வருகிறோம்.

இந்தப் பணம் முதலில் கிளை நூலகங்களுக்குப் போக வேண்டும் என்பேன். வியாசர்பாடியிலிருந்து கோட்டூர்புரத்துக்கு இரண்டு பேருந்து மாறி நான் போனேன். இருட்டுவதற்குள் வீடு திரும்ப வேண்டியிருந்த என் தங்கையால் அது முடியவில்லை. அவளுக்குத் தேவைப்பட்டது, நடந்து போகும் தொலைவில், இரவு எட்டு மணி வரை விளக்கெரியும் ஓர் அறை.