ஸ்பிரிங் ஏர் ரைஃபிளுக்கு எந்த ஸ்கோப்? வாசகர் கேள்வி-பதில்

அண்ணாச்சி, 10 மீட்டரிலும் 25 மீட்டரிலும் குறி அட்டையைச் சுடுகிறேன். 3-9x40 ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) போதுமா, 6-24x50 வாங்கவா? (வள்ளியூர்)

3-9x40 தாராளம், 4x32 கூடப் போதும். x-க்கு முன்னால் இருப்பது எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, பின்னால் இருப்பது முன் கண்ணாடியின் விட்டம், மி.மீ. கணக்கில். 50 மி.மீ. கண்ணாடி வெறும் கனம். கனம் கூடினால் ஒவ்வொரு சுடலிலும் மவுண்ட் (ஸ்கோப்பைத் துப்பாக்கியில் பிடித்திருக்கும் கவ்வி) அதிகமாக இழுபடும். உருப்பெருக்கத்தை விட்டுவிட்டு, கிட்டத்தில் ஃபோகஸ் ஆகிறதா என்று பாருங்கள். முன் கண்ணாடியில் ஃபோகஸ் வளையம் இருந்து, அது 10 கெஜம் வரை இறங்க வேண்டும். பெரிய ரைஃபிள் ஸ்கோப்புகளைப் பெரும்பாலும் 100 கெஜத்துக்கு அமைத்திருப்பார்கள். 10 மீட்டரில் அட்டை மங்கும், தலையை அசைத்தால் குறியும் அசையும்.

எந்த ஸ்கோப் நல்லது? உடனே பதில் வேண்டும். (பெயர், ஊர் இல்லை)

துப்பாக்கி எது, தூரம் எவ்வளவு, கையில் பணம் எவ்வளவு? மூன்றையும் எழுதி மறுபடி அனுப்புங்கள்.

".30-06 ரைஃபிளின் (பெரிய வேட்டைத் துப்பாக்கி) உதையையே தாங்கும்" என்று சொல்லி ஒரு ஸ்கோப் கொடுத்தார்கள். இரண்டு டப்பா பெல்லட் தீருவதற்குள் கிராஸ்ஹேர் (உள்ளே தெரியும் குறுக்குக் குறிக்கோடு) சாய்ந்துவிட்டது. உள்ளே ஏதோ கலகலவென்கிறது. கடையில் மாற்றித் தர மறுக்கிறார்கள். (அம்பாசமுத்திரம்)

இந்த ".30-06" பேச்சை நம்பி ஏமாந்தவர்களின் கடிதம் எனக்கு வராத மாதமே இல்லை. விற்பவருக்கு ஸ்பிரிங் துப்பாக்கியைப் பற்றித் தெரியவில்லை, வாங்குபவரும் கேட்பதில்லை. நஷ்டம் வாங்கியவருக்குத்தான்.

வெடிமருந்து ரைஃபிள் பின்னால் உதைக்கும், அவ்வளவுதான். அந்த ஒரு திசைக்கு ஏற்றபடிதான் அந்த ஸ்கோப்புக்குள் கண்ணாடிகளை இறுக்கியிருப்பார்கள். ஸ்பிரிங் துப்பாக்கியின் கதை வேறு. விசையை இழுத்ததும் கனமான பிஸ்டன் முன்னால் பாய்கிறது, துப்பாக்கி பின்னால் போகிறது. சிலிண்டர் முனையில் நசுங்கிய காற்றில் பிஸ்டன் மோதி நின்றதும், துப்பாக்கி வெடுக்கென்று முன்னால் உதறுகிறது. கண் இமைப்பதற்குள் எதிரெதிராக இரண்டு அடி! ஸ்கோப்பைக் கொல்வது அந்த இரண்டாவது அடி. இப்படிப் போன ஸ்கோப் ஒன்றைப் பிரித்துப் பார்த்தேன். கண்ணாடியைப் பிடிக்கும் திருகு வளையம் தானாகவே பாதி கழன்றிருந்தது. கிராஸ்ஹேர் கம்பி மழையில் நனைந்த கொடிக்கயிறு மாதிரித் தொய்ந்து கிடந்தது.

பி.சி.பி. (முன்கூட்டியே அடைத்த அழுத்தக் காற்றால் சுடும் துப்பாக்கி) வைத்திருக்கும் நண்பர் "எனக்கு மூன்று வருஷமாக உழைக்கிறது" என்பார். பி.சி.பி.யில் உதை கிட்டத்தட்டக் கிடையாது, அதை அளவுகோலாக எடுக்காதீர்கள். ஸ்பிரிங் ஏர் ரைஃபிளுக்கு என்றே பெட்டியில் அச்சிட்டிருக்க வேண்டும். "ஸ்பிரிங் ஏர் ரைஃபிளில் மாட்டினாலும் வாரண்டி உண்டு" என்று பில்லில் எழுதி வாங்குங்கள். எழுதத் தயங்கும் கடையில் வாங்க வேண்டாம். துப்பாக்கி விலையில் பாதியை ஸ்கோப்புக்கும் மவுண்டுக்கும் ஒதுக்கினால் தப்பில்லை.

ஸ்கோப் பின்னால் நகர்ந்துகொண்டே வருகிறது. திருகை முடிந்த மட்டும் முறுக்கிவிட்டேன். (சங்கரன்கோவில்)

முறுக்கி முறுக்கிக் குழாயையே நசுக்கிவிடுவீர்கள். துப்பாக்கி முன்னால் உதறும்போது ஸ்கோப் இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கிறது, அதனால்தான் பின்னால் வருகிறது. ஸ்டாப் பின் (நகராமல் தடுக்கும் முளை) உள்ள ஒரே துண்டு மவுண்ட் வாங்கி, அந்தப் பின்னைத் துப்பாக்கி மேலுள்ள ரெயிலின் குழியில் இறக்குங்கள். ரெயிலில் எண்ணெய்ப் பசை இல்லாமல் ஸ்பிரிட்டால் துடையுங்கள். ஆலன் கீயின் நீளக் கால் திருகுக்குள், குட்டைக் கால் விரலில். இரண்டு விரல் பலம் போதும். ஸ்டாப் பின், ஸ்டாப் பின் என்று எத்தனை முறைதான் எழுதுவது!

ஸ்கோப் குமிழை நாலு கிளிக் திருப்பியும் குறி மாறவே இல்லை. ஸ்கோப் பழுதா? (தென்காசி)

இல்லை. கால் அங்குலக் கிளிக் என்பது 100 கெஜத்துக்கு. 10 மீட்டரில் ஒரு கிளிக் முக்கால் மில்லிமீட்டர்கூட வராது. நாலு கிளிக் சுமார் 3 மி.மீ., பெல்லட் துளையே 4.5. ஓர் அங்குலம் நகர்த்த 35 கிளிக்குக்குக் குறையாமல் வேண்டும்.

மேலே திருப்பும் குமிழ் கடைசி வரை போய்விட்டது. குண்டு இன்னும் கீழேதான் விழுகிறது. (சேரன்மகாதேவி)

மடக்கும் பேரல் துப்பாக்கிகளில் இது சகஜம். பேரல் லேசாகக் கீழே சாய்ந்திருக்கும். குமிழைக் கடைசி வரை கொண்டுபோனால் உள்ளே ஸ்பிரிங் தளர்ந்து, சுடச்சுடக் குறி அலையும். பாதியில் கொண்டுவந்து வையுங்கள். பழைய எக்ஸ்ரே ஃபிலிமில் ஒரு துண்டு வெட்டி, மவுண்டின் பின்பக்க ரிங்கில் ஸ்கோப்புக்கு அடியில் வையுங்கள். ஒன்றுக்கு மேல் வேண்டாம், குழாய் வளையும். அதற்கும் அடங்காவிட்டால் சாய்வு மவுண்ட்தான்.

வேகம் கூட சேம்பரில் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விடலாமா? (திசையன்விளை)

கூடாது. எந்த எண்ணெயும் கூடாது. அழுத்தத்தில் எண்ணெய் பற்றி வெடிக்கும். சீல் கருகும், ஸ்பிரிங் முறியும், ஸ்கோப்பும் போகும். பெல்லட் இல்லாமல் வெறுமனே சுடவும் கூடாது.

கூந்தன்குளம் பக்கம் கொக்கு நிறைய. தூரத்துக்கு எந்த ஸ்கோப்?

பதில் கிடையாது. 1972 வனவிலங்குச் சட்டப்படி அது குற்றம். அந்த ஊர் ஜனங்கள் தங்கள் வீட்டு மரங்களில் கூடு கட்டவிட்டுக் காக்கிற பறவைகளைக் குறிவைக்கக் கேட்கிறீர்கள். அட்டையைச் சுடுங்கள்.

ஏர் ரைஃபிளுக்கு லைசென்ஸ் வேண்டுமா? (களக்காடு)

பேரல் துளை 4.5 மி.மீ.க்கு மேல் போனாலும், சக்தி 20 ஜூல் அளவைத் தாண்டினாலும் வேண்டும்.

குற்றாலச் சாரலில் கண்ணாடிக்குள் பூஞ்சை வருமா? (இலஞ்சி)

நைட்ரஜன் நிரப்பிய ஸ்கோப்பில் சுலபமாக வராது. மற்றதை உறையோடு மூடி வைக்காதீர்கள். சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு டப்பாவில் வையுங்கள், பொட்டலத்தை மாதம் ஒருமுறை மாற்றுங்கள்.