26 அடித் தோல் வந்ததும் ஃபைல் ஏன் முடிகிறது?

கேள்வி: ஆம்பூர் பக்கம் ஒரு டேனரிக்கு சி மொழியில் சின்ன லைப்ரரி எழுதிக் கொடுத்திருக்கிறேன். தோல் அளக்கும் மிஷினிலிருந்து சீரியல் கேபிள் வழியாக வரும் அளவை ஃபைலில் சேர்க்கும், பிறகு படித்துக் கூட்டிச் சொல்லும். என் லினக்ஸ் லேப்டாப்பில் ஒரு குறையும் இல்லை. டேனரி ஆபீஸின் விண்டோஸில் பாதி ஃபைலோடு படிப்பது நின்றுவிடுகிறது. மிஷின் பக்கத்தில் வைத்த ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டரிலோ நிற்கவே மாட்டேன் என்கிறது. கோடைக் கம்பைல் செய்யும் கட்டளைகள் இருக்கும் மேக்ஃபைலை விட்டு சிமேக்குக்கு மாற்றினால் சரியாகிவிடும் என்று காட்பாடியில் ஒருவர் 35,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். சிமேக் கெட்டது என்று சொல்லவில்லை, நானே தினமும் பயன்படுத்துகிறேன். ஆனால் அது செய்வது ஒரே வேலை: லினக்ஸில் மேக்ஃபைலையும் விண்டோஸில் விஷுவல் ஸ்டுடியோ ப்ராஜெக்டையும் உங்களுக்குப் பதிலாக எழுதித் தருவது. உங்கள் சி கோடில் ஒரு எழுத்தைக்கூட அது தொடாது. டேனரியில் வேலை பார்ப்பவருக்கு இதைப் புரியவைப்பது சுலபம்: பதனிடும் டிரம்மை மாற்றினால் உள்ளே போட்ட தோல் மாறாது.

நீங்கள் அனுப்பிய கோடைப் பார்த்தேன். விண்டோஸ் கதையை முதலில் சொல்கிறேன். ஒவ்வொரு தோலுக்கும் இரண்டு பைட் எழுதுகிறீர்கள், ஒன்று முழு அடி, இன்னொன்று கால் அடி. ஃபைலைத் திறக்கும்போது எஃப்ஓப்பனுக்கு வெறும் 'ஆர்' கொடுத்திருக்கிறீர்கள். விண்டோஸில் அப்படித் திறந்தால் அது டெக்ஸ்ட் ஃபைல் என்று அர்த்தம், டெக்ஸ்ட் ஃபைலில் 26 என்ற பைட் வந்தால் 'ஃபைல் முடிந்தது' என்று அர்த்தம். சிபிஎம் என்ற பழைய ஆப்பரேட்டிங் சிஸ்டம் காலத்துப் பழக்கம் இது. அந்த சிஸ்டத்துக்கு ஃபைலின் அளவை 128 பைட் கட்டுகளாகத்தான் எண்ணத் தெரியும், அதனால் எழுத்து எங்கே முடிகிறது என்று காட்ட 26-ஐ அடையாளமாக வைத்தார்கள். சிபிஎம் போய்விட்டது, 26 மட்டும் போகவில்லை. உங்கள் மிஷினில் 26 அடி எருமைத் தோல் ஒன்று ஏறினால் போதும், அதற்குப் பின்னால் வந்த தோல் எல்லாம் கணக்கில் காணாமல் போகும். 10 அடித் தோல் இன்னொரு தொல்லை. டெக்ஸ்டாக எழுதும்போது விண்டோஸ் 10-ஐ வரி முடிவு என்று நினைத்து முன்னால் ஒரு 13-ஐச் செருகிவிடும், அந்த ஃபைலை லினக்ஸில் படித்தால் அதற்கப்புறம் எல்லாம் ஒரு பைட் தள்ளிப்போய் அடி கால் அடியாகவும் கால் அடி அடியாகவும் வரும். படிக்க 'ஆர்பி' என்று மாற்றுங்கள், எழுதத் திறக்கும் இடத்திலும் இருக்கிற எழுத்தோடு ஒரு 'பி' சேருங்கள்; 'பி' என்றால் பைனரி, பைட்டை அப்படியே விட்டுவிடு என்று அர்த்தம். அந்த 'பி' லினக்ஸை ஒன்றும் செய்யாது.

ராஸ்பெர்ரி பை நிற்காததற்கும் ஒரு வரிதான் காரணம். ஃபைலிலிருந்து ஒவ்வொரு பைட்டாகப் படிக்கும் எஃப்கெட்சி தருவதை ஒரு பைட் மட்டும் பிடிக்கும் 'சார்' வகை மாறியில் வாங்கி, ஃபைல் முடிந்ததைச் சொல்லும் ஈஓஎஃப் வந்ததா என்று பார்க்கிறீர்கள். ஈஓஎஃப் என்பது மைனஸ் 1. இன்டெல் லேப்டாப்பில் 'சார்' மைனஸ் எண்ணையும் வைத்துக்கொள்ளும், அதனால் தப்பித்தீர்கள். பையில் இருக்கும் ஏஆர்எம் சிப்பில் ஓடும் லினக்ஸில் 'சார்' மைனஸைத் தாங்காது, மைனஸ் 1 உள்ளே போனதும் 255 ஆகிவிடும், 255 எந்தக் காலத்திலும் மைனஸ் 1 ஆகாது, லூப் சுற்றிக்கொண்டே இருக்கும். அந்த மாறியை அதைவிடப் பெரிய, மைனஸையும் தாங்கும் 'இன்ட்' ஆக்குங்கள். எஃப்கெட்சி 'இன்ட்' தருவதே இதற்காகத்தான். 'சார்' எப்படி இருக்க வேண்டும் என்று தீர்மானிக்காமல் கம்பைலர்காரர்கள் பாடு என்று விட்டுவிட்ட ஸ்டாண்டர்ட் கமிட்டி மேல் எனக்குப் பல வருடக் கோபம், அது கிடக்கட்டும்.

மூன்றாவது ஒன்று இருக்கிறது, இன்னும் உங்களைக் கடிக்கவில்லை. ஃபைலின் தலையில் மொத்தத் தோல் எண்ணிக்கையை 'லாங்' என்ற எண் வகையில் அப்படியே கொட்டுகிறீர்கள். 64 பிட் லினக்ஸில் 'லாங்' 8 பைட், 64 பிட் விண்டோஸில் 4. ராஸ்பெர்ரி பையில் எழுதிய ஃபைலை பென் டிரைவில் ஆபீஸ் கம்ப்யூட்டருக்குக் கொண்டுபோகும் நாளில் தெரியும். எங்கே போனாலும் 4 பைட்டாகவே இருக்கும் 'யுஇன்ட்32_டி' போடுங்கள், அதையும் நான்கு பைட்டாகப் பிரித்து ஒவ்வொன்றாக எழுதுங்கள். 'லாங்' பக்கமே போகாதீர்கள்.

ஒரே ஒரு இடத்தில் போகலாம். ஃபைலில் எங்கே நிற்கிறோம் என்று சொல்லும் எஃப்டெல் தானே 'லாங்' தருகிறது, அதை 'லாங்' மாறியில் வாங்குவதுதான் முறை, வேறெதிலாவது வாங்கி புத்திசாலித்தனம் காட்ட வேண்டாம். விண்டோஸில் அந்த 'லாங்' 2,147,483,647 வரைதான் எண்ணும், அதற்கு மேல் பெரிய ஃபைல் என்றால் வேறு வழி பார்க்க வேண்டும் என்று யாராவது உங்களைப் பயமுறுத்தலாம். கணக்குப் போட்டேன். ஒரு நாளைக்கு 5,000 தோல், தோலுக்கு 2 பைட், ஆக 10,000 பைட். லீவே விடாமல் டேனரி ஓடினாலும் அந்த எல்லையைத் தொட 588 வருடம் ஆகும்.

இப்போது அந்த 35,000 ரூபாய்காரர். இந்தப் பக்கம் ப்ராஜெக்ட் சென்டர் நடத்துகிறவர்களில் சிலருக்கு இது ஒரு தொழில். உங்கள் கோடை வாங்கி, 'விண்டோஸ் என்றால் இப்படி, இல்லையென்றால் அப்படி' என்று ஐந்து வரிக்கு ஒரு #இஃப்டெஃப் நட்டு, கடைசியில் டிஎல்எல் மட்டும், அதாவது கம்பைல் செய்து முடித்த விண்டோஸ் லைப்ரரி ஃபைலை மட்டும், கையில் கொடுப்பார்கள். சோர்ஸ் கேட்டால் வருடாந்திர மெயின்டெனன்ஸ் பற்றிப் பேசுவார்கள். ராணிப்பேட்டையில் எனக்குத் தெரிந்த ஒருவர் அப்படி ஒரு டிஎல்எல் வாங்கினார், மாலையானால் ப்ரோக்ராம் விழுந்துவிடும். போய்ப் பார்த்தால் டிஎல்எல் உள்ளே மாலாக் செய்த, அதாவது கேட்டு வாங்கிய மெமரியை இவர் ப்ரோக்ராம் வெளியே ஃப்ரீ செய்கிறது, அதாவது திருப்பிக் கொடுக்கிறது; இரண்டும் வேறு வேறு கம்பைலரில், வேறு வேறு ரன்டைமோடு (மாலாக், ஃப்ரீ எல்லாம் இருக்கும் சி லைப்ரரி) கட்டப்பட்டவை. லினக்ஸில் இருவருக்கும் பொதுவாக ஒரே மாலாக் இருப்பதால் இது பெரும்பாலும் வெளியே தெரியாது, விண்டோஸில் கவிழ்த்துவிடும். சரிசெய்ய சோர்ஸ் இல்லை. உங்கள் லைப்ரரியும் மெமரி கொடுப்பதாக இருந்தால், அதைத் திரும்ப வாங்கும் ஃபங்ஷனையும் லைப்ரரியே கொடுக்கட்டும். யாருக்குப் பணம் கொடுத்தாலும் சோர்ஸ் கைக்கு வந்த பிறகு கொடுங்கள்.

#இஃப்டெஃப் தேவைப்படுவது சீரியல் போர்ட்டைத் திறக்கும் இடத்தில் மட்டும், அங்கேயும் தவிர்க்கலாம். லினக்ஸுக்கு ஒரு ஃபைல், விண்டோஸுக்கு ஒரு ஃபைல், இரண்டிலும் ஒரே பெயரில் திற, படி, மூடு என்று மூன்று ஃபங்ஷன். எந்த ஃபைலைச் சேர்ப்பது என்பதை மேக்ஃபைல் பார்த்துக்கொள்ளும், சிமேக்கும் பார்த்துக்கொள்ளும். விண்டோஸில் விஷுவல் ஸ்டுடியோ வைத்துத்தான் கட்ட வேண்டும் என்று டேனரியில் அடம்பிடித்தால் அப்போது சிமேக்குக்கு மாறுங்கள். ஒரு லைப்ரரிக்கு பத்துப் பதினைந்து வரி, ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை.

இதெல்லாம் உங்கள் தப்பு என்று சொல்ல மாட்டேன். பல கல்லூரி லேப்களில் இன்னும் நீலத்திரை டர்போ சி-யில் பாடம் நடக்கிறது, அதில் 'இன்ட்' 16 பிட், 32,767-ஐத் தாண்டாது. ஒரே மிஷின், ஒரே கம்பைலர் என்று படித்துவிட்டு வந்தவருக்கு இன்னொரு மிஷினில் கோடு வேறு மாதிரி நடக்கும் என்று எப்படித் தெரியும்?

ராஸ்பெர்ரி பையில் ஓட்டிப் பார்ப்பதற்காக ஆம்பூருக்கும் வீட்டுக்கும் அலைய வேண்டாம். உங்கள் லேப்டாப்பிலேயே ஜிசிசி கம்பைலருக்கு 'எஃப்அன்சைன்ட்-சார்' என்ற ஆப்ஷனைக் கொடுத்துக் கம்பைல் செய்தால் பை மாதிரியே நடக்கும். கோடைத் திருத்துவதற்கு முன்னால் ஒரு தடவை அப்படி ஓட்டிப் பாருங்கள். ஃபேன் அலற ஆரம்பித்ததும் கன்ட்ரோல்-சி அழுத்துங்கள், நின்றுவிடும்.