கூடுதல் விலை கொடுத்து பேட்டரி வாங்கலாமா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் பேட்டரி பற்றியவை. மழை தொடங்கியதும் இப்படித்தான் வரும். சித்திரை, வைகாசி வெயிலில் அடிபட்ட பேட்டரி, ஐப்பசி மழையில் ஹெட்லைட், வைப்பர், ஏசி எல்லாம் ஒன்றாக ஓடும்போதுதான் கைவிடும். பழி மழை மேல் விழும். கெடுத்தது வெயில்.

என் பெட்ரோல் காருக்கு 35 ஆம்பியர் பேட்டரி வேண்டும். 36 மாத வாரண்டி உள்ளது 3,900 ரூபாய், 60 மாத வாரண்டி உள்ளது 5,500 ரூபாய் என்கிறார்கள். இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே ஆம்பியர். கூடுதலாக 1,600 ரூபாய் கொடுக்கலாமா? (மதுரை)

முதலில் அந்த 60 மாதத்தைப் பிரித்துக் கேளுங்கள். வாரண்டியில் இரண்டு பகுதி உண்டு. முதல் பகுதியில் பேட்டரி போனால் புதுசாகவே மாற்றித் தருவார்கள். இரண்டாவது பகுதிக்குப் பெயர் ப்ரோ-ரேட்டா. அதில் புது பேட்டரியின் அச்சிட்ட விலையில் ஒரு சதவீதம் குறைப்பார்கள். மாதம் ஆக ஆக அந்தச் சதவீதமும் குறையும். கடையில் நாம் வாங்குவதோ எப்போதும் அச்சிட்ட விலைக்குக் கீழே. அதனால் ப்ரோ-ரேட்டாவின் கடைசி மாதங்களில் கிடைக்கும் தள்ளுபடியும், பழைய பேட்டரியைக் கொடுத்துப் பேரம் பேசினால் கிடைக்கும் விலையும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிடும். நம்பி வாங்கவேண்டியது முதல் பகுதியை மட்டும்தான்.

சரி, கணக்கு போடுவோம். 36 மாத பேட்டரியில் 18 மாதம் இலவச மாற்று என்று வைத்துக்கொண்டால் மாதத்துக்குச் சுமார் 217 ரூபாய். 60 மாத பேட்டரியில் 30 மாதம் இலவசம் என்றால் 183 ரூபாய், தாராளமாக வாங்கலாம். அதுவே 24 மாதம்தான் இலவசம் என்றால் 229 ரூபாய் ஆகிறது. அப்போது 36 மாத பேட்டரியே போதும்.

இன்னொன்று, இரண்டையும் கையில் தூக்கிப் பாருங்கள். ஒரே அளவு, ஒரே ஆம்பியர் இருக்கும்போது எடை கூடுதலாக இருப்பதில் பொதுவாக ஈயம் கூடுதல். வெயில் ஊரில் தாக்குப்பிடிக்க அது உதவும். தயாரித்த மாதத்தையும் பாருங்கள். ஆறு மாதம் அலமாரியில் உட்கார்ந்த பேட்டரிக்கு எந்த விலையும் அதிகம்தான். அப்புறம், வாரண்டி அட்டையில் கடை முத்திரையும் தேதியும் விழாமல் வெளியே வராதீர்கள். பில்லைத் தொலைத்துவிட்டு வந்து நிற்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும்.

காரை அடுத்த வருடம் விற்கப்போகிறீர்கள் என்றால் இந்தக் கணக்கே வேண்டாம். 3,900 ரூபாய் பேட்டரியை வாங்குங்கள்.

இரண்டு வருடத்தில் மூன்றாவது பேட்டரி. இந்த முறை இருப்பதிலேயே விலை உயர்ந்ததைப் போட்டுவிடலாம் என்றிருக்கிறேன். (கோவை)

தயவுசெய்து பொறுங்கள். இரண்டு வருடத்தில் மூன்று பேட்டரி போனால் குற்றம் பேட்டரியில் இல்லை.

போன மாதம் ஒரு டீசல் கார் வந்தது. பானெட்டைத் திறந்ததுமே அழுகிய முட்டை வாடை. பேட்டரியின் பக்கவாட்டு இரண்டும் உப்பியிருந்தன, டெர்மினலைச் சுற்றி வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தது. வாங்கி ஐந்தே மாதம், அந்தக் கடையில் இருந்த விலை உயர்ந்த பேட்டரி. இன்ஜினை ஓடவிட்டு மீட்டர் வைத்தேன்: 15.6 வோல்ட். ஆல்டர்னேட்டரின் (இன்ஜின் ஓடும்போது பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் கருவி) ரெகுலேட்டர் (வோல்டேஜை அளவோடு வைக்கும் பாகம்) போய், இன்ஜின் ஓடும்போதெல்லாம் பேட்டரியைக் கொதிக்கவைத்துக்கொண்டிருந்தது. அதை மாற்றாமல் எந்த பேட்டரி போட்டாலும் ஐந்து மாதம்தான்.

ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். ராத்திரி முழுக்க நின்ற காரில், காலையில் சாவி போடுவதற்கு முன் பாருங்கள். 12.6 இருந்தால் முழு சார்ஜ். 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே போனால் அநேகமாகக் காலி. பிறகு இன்ஜினை ஓடவிட்டுப் பாருங்கள். 13.8 முதல் 14.5 வரை இருக்கவேண்டும். ஏறினால் ரெகுலேட்டர். இறங்கினால் பெல்ட் தளர்வு, எர்த் வயர் துரு, அல்லது ஆல்டர்னேட்டரே. புது மாடல் கார்கள் சிலவற்றில் கம்ப்யூட்டர் வேண்டுமென்றே வோல்டேஜை ஏற்றி இறக்கும். அவற்றை மட்டும் ஸ்கேனர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் காரை எடுக்கிறேன். டேஷ் கேமரா 24 மணி நேரமும் ஓடுகிறது. நல்ல பேட்டரி போட்டால் தாங்குமா? (சென்னை)

தாங்காது. கேமரா இல்லாமலே நின்ற கார் கொஞ்சம் மின்சாரம் குடிக்கும். அலாரம், கடிகாரம், ரிமோட் எல்லாம் சேர்ந்து 50 மில்லி ஆம்பியர் வரை சகஜம். ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர் மணி. 35 ஆம்பியர் (அதாவது 35 ஆம்பியர் மணி) பேட்டரி இரண்டு வாரத்தில் பாதியாகிவிடும். கேமரா சேர்ந்தால் சில நாளிலேயே. பாதி சார்ஜில் கிடக்கும் பேட்டரியின் ஈயத் தகட்டில் சல்பேட் படிந்து இறுகிவிடும், அப்புறம் சார்ஜ் ஏறாது. விலை உயர்ந்த பேட்டரிக்கும் இதே கதிதான்.

அந்தக் கூடுதல் பணத்தில், சார்ஜ் நிறைந்ததும் தானே நின்றுகொள்ளும் சார்ஜர் ஒன்று வாங்குங்கள். கேமராவைச் சாவியோடு அணையும் இணைப்புக்கு மாற்றுங்கள். வாரத்தின் நடுவில் ஒருமுறை அரை மணி நேரமாவது ஓட்டுங்கள். நிறுத்திய இடத்திலேயே பத்து நிமிடம் இன்ஜினை ஓடவிடுவது பெட்ரோலுக்குத்தான் கேடு.

சி.சி.ஏ. எண் அதிகம் என்று சொல்லி விலை கூட்டுகிறார்கள். அது என்ன? (திருநெல்வேலி)

மைனஸ் 18 டிகிரி குளிரில் இன்ஜினைச் சுழற்ற எவ்வளவு மின்சாரம் தரும் என்ற அளவு. பனி கொட்டும் நாடுகளுக்கு உயிர்நாடி. உங்கள் ஊருக்கு, கார் கம்பெனி கையேட்டில் கேட்ட எண் இருந்தால் போதும். நமக்கு எதிரி சூடு. பேட்டரியின் சூடு 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது இந்தத் தொழிலில் எல்லோரும் அறிந்த கணக்கு. காரை நிழலில் நிறுத்துங்கள், பேட்டரியைச் சுற்றியுள்ள வெப்பக் கவசத்தைக் கழற்றிப் போடாதீர்கள்.

சிக்னலில் தானே நின்று தானே ஸ்டார்ட் ஆகும் கார். சாதாரண பேட்டரியே போதும், பாதி விலை என்கிறார் மெக்கானிக். (சேலம்)

இங்கேதான் காசு பார்க்கக்கூடாது. இந்தக் கார் ஒரு நாளில் எத்தனை முறை செல்ஃப் அடிக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். அதற்காகவே, அடிக்கடி ஸ்டார்ட் ஆவதைத் தாங்கும் இ.எஃப்.பி. அல்லது அதைவிட உறுதியான ஏ.ஜி.எம். வகை பேட்டரி பொருத்தியிருப்பார்கள். சாதாரணது சீக்கிரமே சோர்ந்துபோகும். கழற்றும் பேட்டரியின் மேல் எந்த வகை எழுதியிருக்கிறதோ அதையே போடுங்கள். ஏ.ஜி.எம். இருந்த காரில் இ.எஃப்.பி.க்கு இறங்கவேண்டாம். சில சொகுசுக் கார்களில் புது பேட்டரி போட்டதைக் கம்ப்யூட்டரில் பதியவும் வேண்டும்.

பைக்குக்கு லித்தியம் பேட்டரி? (திருச்சி)

எடை குறையும், நின்றாலும் சார்ஜ் அவ்வளவாக இறங்காது. ஆனால் 14.6 வோல்ட்டுக்கு மேல் அதற்கு ஆகாது. பழைய பைக்கில் ரெகுலேட்டரைச் சோதிக்காமல் போடவேண்டாம். வேலைக்குப் போய்வரும் பைக் என்றால் சாதாரண பேட்டரியே நிறைவு. கிக்கர் இல்லாத பைக் வைத்திருப்பவர்கள் மட்டும் பேட்டரி தளரும் வரை காத்திருக்காமல் முன்கூட்டியே மாற்றிவிடுங்கள்.

டிராக்டர் நடவுக்கும் அறுவடைக்கும்தான் ஓடுகிறது. ஒவ்வொரு பருவத்திலும் பேட்டரி செத்துக்கிடக்கிறது. (தஞ்சாவூர்)

விலை உயர்ந்தது வேண்டாம். தண்ணீர் ஊற்றும் மூடி உள்ள பேட்டரியாக வாங்குங்கள், நிலைமையை உங்கள் கண்ணாலேயே பார்க்கலாம். வேலை முடிந்ததும் முழு சார்ஜ் ஏற்றி, மைனஸ் வயரைக் கழற்றி வையுங்கள். மாதம் ஒருமுறை சார்ஜ் போடுங்கள். தகடு மூழ்கும் அளவுக்கு டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றுங்கள். போர் தண்ணீர், ஆர்.ஓ. தண்ணீர், கடையில் விற்கும் ஆசிட் எதுவும் வேண்டாம். மறுபடி மாட்டும்போது பிளஸ் முதலில், மைனஸ் கடைசியில்.